தொண்டையில் ஒன்றுமில்லை

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். ரிசீவரை எடுத்தவர்களுக்கு முதலில் கேட்பது எங்கள் குரல்தான். "நம்பர் ப்ளீஸ்" என்போம். கப்பல் ஏஜெண்டுகள், உப்பளக்காரர்கள், பஞ்சு வியாபாரிகள் என்று ஊரில் பாதிப் பேருடைய குரல் எனக்குப் பழக்கம். அவர்களுக்கும் என் குரல் பழக்கம். ஜவுளிக்கடையில் போய் நின்று வாய் திறந்தால், "டெலிபோன்ல பேசுத பொண்ணுல்லா நீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் குரல் ஒரு நாள் காலையில் போய்விட்டது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் கணவர் தோணியில் போகிறவர். இங்கிருந்து கொழும்புக்கு வெங்காயமும் வற்றல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு போகும் பாய்மரத் தோணி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைவிடக் கடலில் இருந்த நாட்களே அதிகம். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் அவருடைய அம்மா. மாமிக்கு அவர் ஒரே பிள்ளை.

அந்த ஐப்பசியில் அவர் போக வேண்டிய முறையே இல்லை. போக வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் காற்று திரும்பியது. கூடப் போன தோணிகளில் ஒன்று மன்னார்ப் பக்கம் கரை ஒதுங்கியது. இன்னொன்று பாய் கிழிந்து திரும்பி வந்தது. இவர் போன தோணி கொழும்புக்கும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

ஆள் இறந்தால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மாதா கோயில் மணி அடிப்பார்கள், பெட்டி வரும், பங்குச் சாமியார் வருவார், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள், பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஆள் இறந்தானா இல்லையா என்றே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். வாசலில் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், "வந்துருவாக" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வருவது குறைந்தது.

இதற்கிடையில் யாரோ மாமியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நடுக்கடலில் தத்தளிக்கிறவர்களைப் பெரிய கப்பல்காரர்கள் தூக்கிக்கொள்வார்கள், அந்தக் கப்பல் எந்த நாட்டுக்குப் போகிறதோ அங்கே போய்த்தான் இறக்கிவிடுவார்கள், திரும்பி வர வருஷமாகும் என்று. மாமி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மவன் எங்கயோ கரையேறி இருக்கான். இந்த வீட்டுல எவளும் ஒப்பாரி வைக்கக் கூடாது."

எவளும் என்றால் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

மத்தியானம் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைக்கச் சொல்வாள். மூன்றாவது தட்டில் சோறு போட வேண்டும், குழம்பு ஊற்ற வேண்டும். அவருடைய சட்டைகளை மாதம் ஒரு முறை துவைத்து இஸ்திரி போட வேண்டும். நான் தலையில் பூ வைக்காமல் வேலைக்குக் கிளம்பினால், "ஏளா, வெறுந்தலையோட எங்க போற?" என்று கூப்பிட்டு நிறுத்துவாள்.

வேம்பாரிலிருந்து என் அம்மா வந்தால் வேறு மாதிரி. மாமி குளிக்கப் போன நேரம் பார்த்துக் குசினியில் அடுப்புப் பக்கம் வந்து காதோரம் சொல்வாள்: "எத்தன நாளைக்கு இப்படி வேசம் போடுவ? தாலியக் கழட்டிட்டு ஒரு பூசை வச்சிரு. உனக்கும் ஒரு வழி பொறக்கணும்ல்லா."

இருவருக்கும் நான் தலையாட்டினேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதே அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வேலையில் மட்டும் ஒரு பைத்தியக்காரத்தனம் சேர்ந்துகொண்டது. ட்ரங்க் கால் எங்கிருந்து வந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். பம்பாய், கொச்சி, விசாகப்பட்டினம். அவர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டால் நான் எடுப்பேன் என்று அவருக்குத் தெரியுமே. கொழும்பு லைன் என்றால் மற்றவர்களை முந்திக்கொண்டு எடுப்பேன்.

மறு வருஷம் மழைக்கு முன்னால், ஒரு காலை ஷிப்டில், கொழும்பு வந்தது. அந்தப் பக்கத்து ஆபரேட்டர் வழக்கம்போல, "தூத்துக்குடி, தூத்துக்குடி" என்றார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. செருமிக்கொண்டு மறுபடி திறந்தேன். காற்றுதான் வந்தது. "தூத்துக்குடி, லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரி எட்டி வந்து என் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி அந்த லைனை எடுத்துக்கொண்டாள்.

வெந்நீர், சுக்கு, தேன், சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு வாரமாகியும் காற்றுதான். மாமியே என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் நெற்றியில் கண்ணாடி விளக்கைக் கட்டிக்கொண்டு தொண்டைக்குள் பார்த்தார். பிறகு, "இருமுங்க" என்றார். இருமினேன். நல்ல சத்தமாகவே வந்தது. அவர் விளக்கைக் கழற்றினார்.

"தொண்டையில ஒண்ணுமில்லம்மா. வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"

மாமி முந்திக்கொண்டாள். "ஒண்ணும் நடக்கல டாக்டர்."

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, "இவங்கள கடைசி ரூம் சிஸ்டர்கிட்ட விடுங்க. கூட வந்த அம்மா வெளிய இருக்கட்டும்" என்றார்.

பெண்கள் வார்டு வராந்தாவின் கோடியில், முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த சின்ன அறை அது. சோப்பு வாசனை இன்னும் இருந்தது. இரண்டு பிரம்பு நாற்காலிகள், நடுவில் மேசை கிடையாது. சிஸ்டர் என்னைவிட இளையவர். மலையாளத்துக்காரர். பெங்களூரில் இரண்டு வருஷம் கவுன்சலிங் என்று ஒன்றைப் படித்துவிட்டு வந்திருந்தார். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கன்னியாஸ்திரீ என்றால் ஜெபமாலை கொடுத்து ஜெபிக்கச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் கதவைச் சாத்தினார். "பேசணும்னு இல்ல. முக்கால் மணி நேரம் இந்த ரூம் உங்களோடது. இங்க நடக்கிறது வெளிய போகாது. உங்க வீட்டுக்கும் போகாது, டாக்டருக்கும் போகாது" என்றார். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் தூங்கிவிட்டேன்.

இதைச் சொல்ல இப்போதும் சிரிப்பாக இருக்கிறது. விழித்தபோது கழுத்து வலித்தது, வாயோரம் எச்சில். சிஸ்டர் அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். நான் பதறிக்கொண்டு எழுந்தேன். "சாரமில்லா" என்றார். பரவாயில்லை என்பதற்கு அவருடைய சொல் அது. "எத்தனை நாளாச்சு நல்லாத் தூங்கி?" நான் கையை விரித்தேன். "அடுத்த வியாழக்கிழமை வாங்க. தூக்கம் வந்தா தூங்குங்க."

அடுத்த வியாழன் தூக்கம் வரவில்லை. உதட்டசைவிலும் காற்றிலுமாகக் கொஞ்சம் சொன்னேன். தோணி, காற்று, பலகைகூட ஒதுங்காதது. மூன்றாவது தட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், நான் சுவரைப் பார்த்து நெடுநேரம் சும்மா இருந்தபோது, "எல்லாம் ஆண்டவரோட சித்தம்னு விட்டுடுங்க. அவர் ஒரு வழி வச்சிருப்பார்" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். இதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது, இதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று நினைத்தேன். மறு வாரம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் நல்ல மனிதர். குரல் வரும்வரை ட்ரங்க் கால் சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை கொடுத்திருந்தார். அவர் வியாழக்கிழமை மத்தியானம் கடிகாரத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஆஸ்பத்திரி நேரம் ஆயிட்டே" என்றார். அவருக்காகப் போனேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் சிஸ்டர்தான் முதலில் பேசினார்.

"போன வாரம் நான் தப்பாப் பேசிட்டேன். ஆண்டவர் சித்தம்னு சொன்னது உங்களுக்காக இல்ல. நீங்க சும்மா இருந்தது எனக்குத் தாங்கல. என் கஷ்டத்துக்கு நான் சொல்லிக்கிட்டது அது. மன்னிச்சிடுங்க."

எனக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒரு கன்னியாஸ்திரீ ஒரு தோணிக்காரன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்பதா? சேலைத் தலைப்பை முறுக்கினேன். அவர் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு எழுந்து போகும்போது உங்களுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"கோவம்" என்றேன்.

சத்தமாக வந்தது. கரகரப்பாக, யாரோ ஒரு கிழவியின் குரல்போல. இரண்டு பேருமே திடுக்கிட்டோம். நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். நிறுத்தினால் மறுபடி போய்விடுமோ என்று பயந்து பேசினேன்.

"கோவம். எல்லார் மேலயும். அவுக மேலயும். யாருக்கோ காய்ச்சல்னா இவுக ஏன் போகணும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாகளா? ஊரெல்லாம் தங்கமான மனுசன், தங்கமான மனுசங்காக. தங்கத்த வச்சி நான் என்ன செய்ய? எனக்கு ஆளுல்லா வேணும்!"

பிறகு அழுகை வந்தது. ஒரு வருஷத்து அழுகை. வராந்தாவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். சிஸ்டர் எழுந்து வந்து தோளைத் தொடவோ, அழாதே என்று சொல்லவோ இல்லை. கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். குரல் வரும், இரண்டு நாள் மங்கும், மறுபடி வரும். நான் பல மாதம் வியாழக்கிழமைகளில் போனேன். சில வாரம் ஒன்றுமே நடக்காது. மீன் விலை, எக்ஸ்சேஞ்சு வம்பு என்று பேசிவிட்டு வருவேன். சில வாரம் போகும் வழியிலேயே அழுகை முட்டும். கொழும்பு லைன் வந்தால் மார் அடைக்கிறது என்றபோது, சிஸ்டர் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். "பாதத்தைத் தரையில அழுத்துங்க. தரை சூடா இருக்கா, குளிரா இருக்கான்னு பாருங்க. அப்புறம் மூச்சு விடுங்க. அப்புறம் பேசுங்க." இத்தனை சின்ன விஷயமா என்று இருந்தது. மறுபடி ஸ்விட்ச் போர்டில் உட்கார்ந்தபோது அதைத்தான் செய்தேன். நாற்காலிக்கு அடியில் வெறுங்காலோடு கொழும்புக்கு லைன் கொடுத்தேன்.

அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு முறை சிஸ்டரிடமே கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன தோணுது?"

"வர மாட்டாக" என்றேன். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தேன், மாமி கேட்டுவிட்டாளோ என்று.

"உங்க மாமிக்கு வருவாருன்னு தோணுது. ஒரே வீட்டில ரெண்டும் இருக்கக் கூடாதா?"

அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அதுவரை, யாராவது ஒருத்தி தோற்றால்தான் மற்றவள் மூச்சுவிட முடியும் என்று நான் எண்ணியிருந்தேன். மாமியிடம் எப்படிச் சொல்வது என்று அடுத்தடுத்த வாரங்களில் அந்த அறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சிஸ்டர் மாமியாக உட்கார்ந்து, "ஏளா" என்று மலையாள வாடையோடு அதட்டுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து மாமி தட்டுகளை எடுத்தபோது சொன்னேன்.

"மாமி, எனக்கு அவுக வருவாகன்னு தோணல. நீங்க நம்புங்க, நான் தடுக்க மாட்டேன். நீங்க தட்டு வைங்க. ஆனா என்னால அதுல சோறு போட முடியல. எனக்கு அழுக வந்தா அழுவேன். அதுக்கு நீங்க ஏசக் கூடாது."

மாமி மூன்றாவது தட்டில் தானே சோறு போட்டாள், தானே மீனைத் தேர்ந்தெடுத்து வைத்தாள். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் பயந்துதான் போனேன். ஆனால் ஒன்று கவனித்தேன்: மறுநாள் நான் பூ வைக்காமல் கிளம்பியபோது அவள் பார்த்தாள், நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை நான் செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள்.

"அந்தச் சிஸ்டர்கிட்ட என்னத்தளா பேசுத இவ்வளவு நேரம்?"

"என்ன வேணும்னாலும் பேசலாம் மாமி. பேசாமலும் இருக்கலாம்."

"செத்துட்டான்னு சொல்லச் சொல்லுவாகளோ?"

"சொல்ல மாட்டாக."

தன் செருப்பைத் தேடி எடுத்தாள். "நானும் வாரேன்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசப்போகிறோம் என்று நினைத்தேன். சிஸ்டர் அப்படிச் செய்யவில்லை. மாமிக்குத் தனி நேரம் கொடுத்தார். அந்த முறை நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாமியின் குரல் ஏதோ முறையிடுவதுபோல ஏறிற்று, இறங்கிற்று. என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன்.

வெளியே வந்தபோது மாமியின் கண் வீங்கியிருந்தது. எனக்கு முன்னால் நடந்தாள். கடைத்தெரு வந்ததும் பேக்கரி முன்னால் நின்று, "அண்ணாச்சி, மக்ரூன் கால் கிலோ போடுங்க" என்றாள். அவர் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு இனிப்பு வந்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள், தானும் ஒன்று வாயில் போட்டுக்கொண்டாள். நடுத்தெருவில், நடந்துகொண்டே தின்றோம்.

மாமி அதன் பிறகும் போனாள். எனக்கு வியாழன், அவளுக்குச் செவ்வாய். அவள் அங்கே என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் என்ன பேசினேன் என்று அவளும் கேட்டதில்லை. ஆளுக்கொரு அறை இருப்பதுபோல அது எங்களுக்கு வசதியாக இருந்தது. பகலில் அங்கே போய்ப் பாரத்தை இறக்கிவிட்டு வந்ததால் வீட்டில் ஒருவர் தலையில் ஒருவர் இறக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது தட்டு எந்த நாளில் நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு நாள் வைக்கவில்லை, மறுநாள் வைத்தாள், பிறகு இரண்டு நாள் வைக்கவில்லை. அப்படித்தான் நின்றது. சட்டைகளை இருவருமாகப் பெட்டியில் மடித்து வைத்தோம். நான் தாலியைக் கழற்றி அதே பெட்டியில் வைத்தேன். மாமி பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. அவள் தன் நம்பிக்கையை விட்டுவிட்டாளா என்றால், இல்லை. கல்லறைத் திருநாள் பூசைக்கு சாமியாரிடம் பெயர் கொடுக்கும்போது, "செத்தவங்க கணக்குல எழுதாதீங்க சாமி. கடல்ல இருக்கவங்களுக்குன்னு சொல்லி வையுங்க" என்று கேட்டாள். அவரும் அப்படியே வைத்தார். எனக்கு அந்த வார்த்தை போதும் என்று இருந்தது. அவளுக்கும்.

அந்தப் பூசைக்குப் பிறகு ஒரு சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து மீன் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன், "மாமி, அவுக சின்னதுல எப்படி இருப்பாக?" கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அவரைப் பற்றி நான் கேட்டதே இல்லை. காணாமல் போன பிறகு கேட்கவும் பயமாக இருந்தது.

மாமி அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். "உனக்குச் சொல்லலையா அவன்? புதுநன்மப் பூசைக்கு வெள்ளச் சட்ட தச்சிப் போட்டு, மெழுகுத்திரியக் கையில குடுத்து, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். பாதி வழியில காணோம். பாத்தா உப்பு வண்டிக்குப் பின்னால தொத்திக்கிட்டுப் போறான். எறங்குலேன்னு கத்துதேன். எறங்குனான், நேரா சகதிக்குள்ள. வெள்ளச் சட்டயோட! மெழுகுத்திரிய மட்டும் ஒசரத் தூக்கிப் புடிச்சிருக்கான், அது நனையலியாம். அம்மா, திரி நல்லா இருக்கு, திரி நல்லா இருக்குங்கான்..."

அவளால் முடிக்க முடியவில்லை. சிரித்தாள். கையில் மீன் செதிலோடு கண்ணைத் துடைக்கப் போய், முகமெல்லாம் செதில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, என்ன சேதி?" என்று கேட்டாள். குரலில் எதையோ எதிர்பார்க்கிற ஆவல். தோணியிலிருந்து ஏதாவது தகவல் வந்துவிட்டதோ என்று நினைத்திருப்பாள்.

"ஒண்ணுமில்லளா" என்றாள் மாமி. "எம்மவனப் பத்திப் பேசிட்டிருக்கோம். நீயும் வா, வந்து கேளு."